பக்கத்து சீட்டின் பிரேக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற அளவுக்கு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாக நலமாக இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த செய்தி எதுவும் எனக்கு வேண்டாம். டெஸ்டில் பாஸாகிவிட்டேன் என்று நீ போனில் கத்தியது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பாவும் கேட்டார், எழுந்து உட்கார்ந்து கேட்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கியர் போடச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், என் பெண் லைசென்ஸ் எடுத்த சேதி எனக்குப் போனில் வருகிறது, இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சந்தோஷப்பட்டேனா என்றால் பட்டேன்தான். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸைக் கூட்டுகிற அக்காவிடம்கூடச் சொன்னேன். டீச்சர் பொண்ணு பாஸாகாம வேற யாரு பாஸாவா என்றாள். நீ என்னிடம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு நாள்தான் என்று அவளுக்கு எங்கே தெரியும். நம் தெருவையே தாண்டவில்லை, கிளட்சை மெதுவா விடுடி என்று நான் ஒரு சத்தம் போட்டதற்கு, கதவைத் திறந்து இறங்கி விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாய். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உன் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன், தெருவே வேடிக்கை பார்த்தது. கோபம் வந்தால் அப்படியே என் அச்சு நீ, யாரைக் குற்றம் சொல்வது.

அந்தச் சந்தோஷம் நீ போனை வைக்கும்வரைதான் இருந்தது. வைக்கப் போகிற நேரத்தில், இனிமே நீ கவலையே படாதம்மா, வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிட்டுப் போயிடுவேன் என்று சொன்னாயே, அத்தோடு சரி. கவலைப்படாதே என்று சொல்லி ஒரு மூட்டைக் கவலையை என் தலையில் ஏற்றிவிட்டாய். எனக்கு எல்லாம் தெரியும், நீ மறுபடி விளக்க வேண்டாம். மாப்பிள்ளைக்குப் போன வருஷம் வலிப்பு வந்ததிலிருந்து வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் நீ வயிற்றைச் சுமந்துகொண்டு இந்த நிலையில் கிளட்சு மிதித்தாய். உங்கள் அணைக்கட்டு குவார்ட்டர்ஸ் மலைமேல், ஆஸ்பத்திரி கீழே டவுனில், நடுவே அந்த வளைவு ரோடு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது கீழேயிருந்து ஏறி வந்து திரும்பவும் இறங்க வேண்டும், மழை பிடித்துக்கொண்டால் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கார் இருக்கிறதே என்றால், அவரு ஷிஃப்ட் எப்போன்னு அவருக்கே தெரியாதும்மா என்கிறாய். தேதி நெருங்கும்போது கீழே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொள்ளுங்கள் என்றால், அணை நிரம்புற நேரம், அவருக்கு லீவு தரமாட்டாங்க, பாத்துக்கலாம் என்கிறாய். நான் ஒரு கதவைத் திறந்தால் நீ அதற்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறாய். சரி, நானே கிளம்பி வந்துவிடலாம் என்றால் அப்பாவை யாரிடம் விடுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ், போகும்போது தானாக நடப்பார், வரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும், கைத்தாங்கலாகப் பிடித்து இறக்க ஆள் வேண்டும். உன் சித்தியைக் கேட்டுப் பார்த்தேன், அவள் முழங்காலோடு அவளே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், நான் கேட்டதற்கு அழுதுவிட்டாள், கடைசியில் அவளை நான் தேற்ற வேண்டியதாயிற்று. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தேன், இப்போதுதான் அந்த எறும்பு யார் என்று தெரிகிறது.

இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற தைரியமெல்லாம் என் காலடியில் இருக்கிற பிரேக்தான். ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு கிளட்சு, ஒரு பிரேக் உண்டு, சின்ன வயதில் நீ அதை மிதித்து விளையாடி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். கற்றுக்கொள்ள வருகிறவர் லாரிக்கு நேரே போனாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன், காலை மட்டும் வைப்பேன், வண்டி நின்றுவிடும், அவர் என்னவோ தானே நிறுத்தியதாக நினைத்துப் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்ப்பார். நல்லா நிறுத்தினீங்க என்று நானும் சொல்லிவைப்பேன். உன் பழைய காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னால் வெறும் ரப்பர் விரிப்புதான் இருக்கிறது. இன்னொரு கூத்தையும் கேள். எங்கள் மைதானத்தில் ரிவர்ஸ் பழக ஒரு சிவப்புக் கம்பம் நட்டு வைத்திருக்கிறோம். பின்கண்ணாடி ஓரத்தில் கம்பம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடி, வண்டி நேரானதும் விடு, அவ்வளவுதான், இதை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டு எல்லோரும் பாஸாகிவிடுகிறார்கள். அப்படிப் பாஸான பேங்க் மேனேஜர் ஒருத்தர் மறுவாரம் மார்க்கெட்டிலிருந்து எனக்குப் போன் போடுகிறார், மேடம், இங்க கம்பமே இல்லையே, நான் எப்போ ஒடிக்கிறது என்று. அவர் பின்னால் ஹாரன் அடிக்கிற சத்தமெல்லாம் போனில் கேட்கிறது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். இதை முந்தாநாள் உன்னிடம் சொன்னேன் இல்லையா, நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. எங்க டிரைவிங் சார் மஞ்சள் டிரம் வச்சிருந்தாரும்மா என்று மெதுவாகச் சொன்னாய். மலையிறக்கத்தில் உனக்காக யார் டிரம் வைத்திருக்கப் போகிறார்கள்.

ஆகையால் இதை நிதானமாகப் படி. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்பாய், அந்தச் சரியை நான் தினமும் கேட்கிறவள், ஒன்றும் காதில் ஏறவில்லை என்றால்தான் அது வரும். லைசென்ஸ் கையில் வந்தபிறகுதான் கற்றுக்கொள்வதே ஆரம்பம் என்று வைத்துக்கொள். வலி எதுவும் இல்லாத ஒரு நாளில், நல்ல வெளிச்சத்தில், மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறை போய்வா. எந்த வளைவில் ரோடு குறுகுகிறது, எங்கே ஓரமாக ஒதுங்க இடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் வண்டியை எங்கே விடவேண்டும், எல்லாம் கண்ணுக்குப் பழகட்டும். முக்கால்வாசிப் பேர் போகத் தெரிந்துகொண்டு நிறுத்த இடம் தெரியாமல்தான் திண்டாடுகிறார்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகாதே, சூடேறினால் அது பிடிக்காது, எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, இன்ஜின் உறுமினால் உறுமட்டும், அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கிற சத்தம். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடு, வளைவுக்குள் போய் பிரேக் தேடாதே. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தால் உடனே உனக்கு முகம் சிவந்து கால் பதறும், பெற்றவளுக்குத் தெரியாதா, அவன் அடிக்கட்டும், அவன் அவசரம் அவனோடு, நீ ஓரம் கட்டி அவனை அனுப்பிவிடு. மூடுபனியில் லைட்டைத் தாழ்த்திப் போடு, தூக்கிப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். பின்கண்ணாடியில் புதிய டிரைவர் என்று ஒரு தாள் ஒட்டு, வெட்கப்படாதே, மேனேஜரே ஒட்டியிருக்கிறார். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு மேலே போடாதே, வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போடு. டாங்க் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. டயர்களில் காற்று பார்க்கும்போது ஸ்டெப்னியிலும் பார், எல்லோரும் மறந்துபோவது அதைத்தான். இவ்வளவும் எழுதினேன், ஆனால் வலி எடுக்கத் தொடங்கியபிறகு நீ ஓட்டவே கூடாது, இதை அம்மாவாகவும் சொல்கிறேன், டீச்சராகவும் சொல்கிறேன். இடுப்பு லேசாகக் கடுத்தாலே ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, எலக்ட்ரீஷியன் வீட்டுக் கதவைத் தட்டு, அவர் தூங்கினாலும் தட்டு, வெட்கம் மானம் பார்க்காதே. யாருமே வரவில்லை, கிளம்பித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு வலிக்கும் ஓரம் கட்டு, நாலு இண்டிகேட்டர் லைட்டையும் போட்டு நிறுத்து, வலி போனபிறகு எடு, நேரமாகிறதே என்று வலியோடு ஒரு வளைவுகூடத் திரும்பாதே. பிரசவத்துக்குப் போகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட வேண்டியவள், எங்கோ உட்கார்ந்து கியரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. மாப்பிள்ளை, ஓட்டுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம், எனக்குச் சோறு போடுகிற வேலையே அதுதான். பாத்து, பாத்து என்று சொல்லாதீர்கள், எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் அவள் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பாள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், ஓட்டுகிறவருக்கு அது ஹாரனைவிடச் சத்தமாகக் கேட்கும். அடுத்து வளைவு, அப்புறம் பாலம் என்று சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வாருங்கள். நம்மால் ஓட்ட முடியவில்லையே என்று நீங்கள் மனதுக்குள் குமைவது எனக்குத் தெரியும், இப்போதெல்லாம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அது உங்கள் தப்பில்லை. ஓட்டத் தெரிந்த நானே இங்கே கையைப் பிசைந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், உங்களுக்கும் எனக்கும் ஒரே கதிதான். ஆனால் லீவை மட்டும் இன்னொரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள், மேலதிகாரிக்கும் வீட்டில் யாராவது பிள்ளை பெற்றிருப்பார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, பயம், உனக்குத் தெரிந்ததுதான். முதலாளி நல்ல மனுஷர், டயாலிசிஸுக்கு ஸ்கூல் வண்டியையே எடுத்துக்கச் சொல்லியிருக்கிறார். அதில் பக்கத்து சீட்டில் வரும்போது அப்பா காலை மடக்கி ஓரமாக வைத்துக்கொள்வார், பெடலுக்குப் பதில் அங்கே பாம்பு படுத்திருக்கிற மாதிரி. ஒரு தடவைகூட அதன்மேல் கால் பட்டதில்லை. நேற்று சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து வந்தோம். வண்டியை ஷெட்டில் விட்டு ஆஃப் செய்தேன், கேட்டைச் சாத்திவிட்டு வந்து அவரை இறக்கலாம் என்று போனேன். திரும்பிப் பார்த்தால் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஸ்டியரிங்கில் யாரும் இல்லை. அணைந்தது, மறுபடி எரிந்தது, பிறகு அணையவே இல்லை. ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பக்கத்தில் போனால், அப்பா காலை நீட்டி அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார். ஊசி குத்திக் கட்டுப்போட்ட கை மடியில், இன்னொரு கை டேஷ்போர்டில், கண் எதிர்ச்சுவரில். என்னங்க பண்றீங்க என்றேன். அவளுக்கு இறக்கம் வருதுல்ல என்றார். டயாலிசிஸ் நாளில் அவருக்கு ஒரு டம்ளரைத் தூக்கவே தெம்பு இருக்காது, அந்தக் காலுக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ. வேறு நாளாக இருந்தால் பேட்டரி போயிடும், எடுங்க காலை என்று கத்தியிருப்பேன். நேற்று சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

குட்டிக்குப் பருத்தித் துணியில் சட்டைகள் தைத்துத் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை துவைத்துவிட்டுப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. நீயும் குழந்தையும் இரண்டு உயிராகப் பிரிந்து சுகமாக வீடு வந்து சேர வேண்டும், எங்கள் ஆயுசில் பாதியை உங்களுக்கு எழுதிக்கொடுக்க வழி இருந்தால் இந்தத் தாளிலேயே எழுதியிருப்பேன். மறக்காமல் ஒன்று செய். நீயே ஓட்டிப் போகும்படி ஆகிவிட்டால், கிளம்பும்போது ஒரு போன் போடு, எந்த நேரமானாலும் சரி. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். நடுவில் போடாதே, நாங்களும் போடமாட்டோம். அந்த நேரமெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஷெட்டில் வண்டிக்குள்தான் இருப்போம், நான் ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்து சீட்டில். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீ சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை அப்பா காலை எடுக்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பக்கத்திலிருந்து அப்பாவும்