இருபத்தாறு வினாடியில் கைமாறிய உலகப் போட்டி இடம்

அனுப்புநர்
பந்தய எண் 1147,
பெண்கள் 30–34 வயதுப் பிரிவு.
(பெயர், முகவரி, ரத்தப் பிரிவு, காலணி அளவு எல்லாம் தங்கள் பதிவேட்டில் உள்ளன. இதுவரை எனக்கு வந்த கடிதங்கள் அனைத்திலும் என்னை எண்ணால்தான் அழைத்திருக்கிறீர்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன்.)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
தகுதி இடங்கள் மேல்முறையீட்டுக் குழு,
நெடுந்தூர ட்ரையத்லான் சங்கம்.

பொருள்: உலகச் சாம்பியன் போட்டிக்கு எங்கள் வயதுப் பிரிவுக்குரிய ஒரே இடம் என்னைத் தாண்டி அடுத்தவருக்கு அளிக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: பந்தயம் முடிந்த ஐந்தாம் நாள் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய நான்கு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்து மாதப் பெண் குழந்தை இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அதனால் வாக்கியங்கள் எங்காவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றவர் என்று கேள்விப்பட்டேன். எனவே தங்கள் சங்கத்தின் நடைமுறையைத் தங்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. உலகப் போட்டிக்குப் போக விரும்புகிறவர், தகுதிப் பந்தயம் ஒன்றில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீந்தி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. எங்கள் பிரிவுக்கு ஒன்று. முதலில் வந்தவர் வேண்டாம் என்றால் அது இரண்டாமவருக்கு இறங்கும். அவரும் இல்லையென்றால் மூன்றாமவருக்கு. மறுநாள் பரிசளிப்பு அரங்கில் எண்ணை மூன்று முறை அழைப்பார்கள். ஆள் நேரில் நின்று வாங்க வேண்டும். இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு போகாமல் இருப்பவர்களைத் தவிர்க்க வந்த விதி இது. நல்ல விதி. அதன் மேல் எனக்குக் குறையில்லை.

2. சனிக்கிழமைப் பந்தயத்தை நான் பன்னிரண்டு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தேன். பத்தொன்பது பெண்களில் இரண்டாவது. முதலாவதாக வந்தவருக்கு வேறொரு பந்தயத்திலேயே இடம் கிடைத்திருந்தது என்பது அனைவரும் அறிந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடப் போவதற்கு முன் உடை மாற்றும் கூடாரத்தில் நான் பதினான்கு நிமிடம் இருந்ததாகத் தங்கள் நேரப்பட்டியல் சொல்கிறது. மற்றவர்களுக்கு நான்கு, ஐந்து. மீதி நேரம் பால் கட்டிக்கொண்ட மார்போடு உட்கார்ந்து பீய்ச்சிக் கொட்டியது. ஓட்டத்தின் நடுவில் என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்றார். அவள் கையை நீட்டினாள், நான் விரலைத் தொட்டேன். உடனே விசிலோடு ஒரு நடுவர் வந்து, "வெளியாள் உதவி வாங்கக் கூடாதும்மா, ரெண்டாவது தடவைன்னா தகுதி நீக்கம்" என்று எச்சரித்தார். இன்னும் நாலு பல்கூட முழுதாக முளைக்காத ஒருத்தியின் உதவியால் நான் மாரத்தான் ஓடிவிடக் கூடாது என்ற அவருடைய கவலையை மதிக்கிறேன். அதற்குப் பிறகு வேலிப் பக்கம் திரும்பவேயில்லை.

3. ஞாயிறு காலை ஒன்பதரைக்கே அரங்கில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். தாங்கள் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலின்படி முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். எங்கள் பிரிவு பதினொன்றே காலுக்கு. அரங்க அனுமதிச் சீட்டின் பின்புறம், சிறிய எழுத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரங்கில் இடமில்லை என்றும் இருந்தது. எனவே குழந்தையோடு கணவர் வெளியில் நின்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். காத்திருப்பது அவருக்குப் பழக்கம். ஆனால் சைக்கிள் வைத்திருந்த கொட்டடியைப் பத்தரைக்குப் பூட்டிவிடுவோம், பிறகு சைக்கிளுக்குப் பொறுப்பில்லை என்று இன்னொரு அறிவிப்பு. பத்து ஐந்துக்கு என்னைக் கதவருகே அழைத்து, "இவ பசியில கத்துறா, நீ வெச்சுக்கோ, நான் ஓடிப்போய் வண்டியை எடுத்துட்டு வந்துடறேன்" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

4. அவளோடு உள்ளே போக முயன்றேன். கதவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மரியாதையாகத்தான் தடுத்தார். "உள்ள கேமரா எல்லாம் ஓடுதும்மா, குழந்தை அழுதா சரியா வராது. தாய்மார் ரூம் இருக்கு, அங்க போங்க" என்றார். அந்த அறையைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தாழ்வாரத்தின் கடைசியில், மின்தூக்கிக்கும் பின்னால் இருக்கிறது. காற்றிறக்கிய பந்தய வளைவுகள், மிதவைக் கயிறுகள், உடைந்த கூம்புகள், இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவில் 'தாய்மார் அறை' என்று புதுத்தாள் ஒட்டியிருந்தது. அதன் அடியில் 'கிடங்கு' என்ற பழைய எழுத்து அப்படியே தெரிந்தது. ஒலிபெருக்கி கிடையாது.

5. போவதற்கு முன், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் என் நிலைமையைச் சொன்னேன். "பதினொன்னே காலுக்குத்தானே? கவலைப்படாதீங்க, நானே வந்து கூப்பிடறேன்" என்று என் எண்ணைத் தன் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அவருக்கு இருபது வயது இருக்கும். அந்தப் பேனா எழுத்தை நம்பினேன். இந்த மனுவில் என் பக்கத் தவறு என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். பத்து நாளாக அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. குழந்தையை இன்னும் பத்து நிமிடம் அழவிட்டிருக்கலாமோ, யாரோ ஒருவர் மடியில் கொடுத்திருக்கலாமோ என்று மனதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

6. பிறகு நடந்தது தங்கள் சங்கமே வெளியிட்ட காணொளியில் உள்ளது. சிறப்பு விருந்தினர் விமானத்துக்குப் போக வேண்டியிருந்ததாலும், பெண்களோடு படம் எடுத்துக்கொள்ள அவர் ஆசைப்பட்டதாலும், நிரல் தலைகீழாக்கப்பட்டது. எங்கள் பிரிவு பத்து இருபதுக்கே வந்துவிட்டது. மேசைப் பெண்ணை மேடையில் பதக்கத் தட்டு ஏந்த நிறுத்திவிட்டார்கள். காணொளியில் அவர் தன் புறங்கையைப் பார்ப்பதும், மேடையின் ஓரத்தைப் பார்ப்பதும், தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பதும் தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் மைக் அண்ணன் என்று அழைக்கும் தங்கள் அறிவிப்பாளர் என் எண்ணை மூன்று முறை அழைக்கிறார். முதல் அழைப்பிலிருந்து "சரி, அடுத்தவங்க" என்பது வரை இருபத்தாறு வினாடி. நடுவில், "நேத்து ஓடினது போதும்னு தூங்கிட்டாங்க போல" என்று ஒரு நகைச்சுவை. அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஏழு வினாடி போய்விட்டது. அதை என் கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது என்று தாழ்மையுடன் கருதுகிறேன்.

7. கைதட்டல் கேட்டு, பாதிப் பாலில் குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். முந்தைய நாள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய கால்கள். அந்தத் தாழ்வாரம்தான் அதைவிடத் தூரமாக இருந்தது. கதவில் நின்று கையை உயர்த்தினேன். மேடையில் அப்போது மூன்றாமவர் சான்றிதழை இன்னும் வாங்கக்கூட இல்லை. கதவுக்குப் பொறுப்பானவர், "குழந்தையை வெளில விட்டுட்டு உள்ள வாங்கம்மா" என்றார். வெளியில் யாரிடம் என்பதை அவர் சொல்லவில்லை.

8. திங்களன்று முறையீடு அனுப்பினேன். வியாழனன்று வந்த பதிலில், "பந்தய எண் 1147 அழைப்பின்போது அரங்கில் இல்லாதது ஆர்வமின்மையாகக் கருதப்பட்டது" என்றிருந்தது. ஐயா, இந்தச் சொல்லைப் பலமுறை படித்துவிட்டேன். நகரசபை நீச்சல்குளம் காலை ஐந்தரைக்குத் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றவள் நான். படிக்கட்டில் கணவர் குழந்தையோடு உட்கார்ந்திருக்க, அவள் அழுகிறாளா என்று ஒவ்வொரு சுற்று முடிவிலும் தலையை நீட்டிக் கேட்டுக்கேட்டு நீந்தினேன். பகலில் அவள் தூங்கும் நேரத்தில், வரவேற்பறையில் நகராத சைக்கிளில் நான்கு மணி நேரம் மிதித்தேன். "எங்கேயும் போகாத வண்டியில இப்படி வேர்க்குதே" என்று அத்தை மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். ஆர்வமில்லாத ஒருத்தி இவ்வளவு செய்திருக்கிறாள் என்றால், ஆர்வமுள்ளவர்களைத் தங்கள் அலுவலகம் எந்த அளவுகோலால் அளக்கிறது என்று அறிய விரும்புகிறேன். முதல் வரிசை நாற்காலியில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்காருவது என்றால், அதை விளையாட்டின் நான்காம் பகுதி என்று விதிப்புத்தகத்தில் சேர்த்துவிடலாம். பயிற்சி எடுத்துக்கொண்டு வருவோம்.

9. தங்கள் அலுவலகத்தோடு எனக்கு இது முதல் அனுபவமும் அல்ல. ஒன்றரை ஆண்டுக்கு முன் இதே இடம் எனக்குக் கிடைத்தது. அப்போது கருவுற்றிருந்ததால் ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டேன். காயமடைந்தவர்களுக்கு மட்டுமே தள்ளிவைப்பு என்று சொல்லி அதற்கான படிவத்தை அனுப்பினீர்கள். 'காயம் ஏற்பட்ட இடம், காயம் ஏற்பட்ட விதம், மீண்டும் நேராமலிருக்க எடுக்கப்படும் முன்னெச்சரிக்கை' என்று மூன்று கட்டங்கள். இரண்டாவது கட்டத்தை நிரப்ப என் கணவர் முன்வந்தார், நான் தடுத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். 'எலும்பு மருத்துவரின் கையொப்பம் இல்லை' என்று திரும்பி வந்தது.

10. தொலைபேசியில் பேசியபோது தங்கள் எழுத்தர், "அடுத்த வருஷம் ட்ரை பண்ணுங்க மேடம், இப்ப குழந்தையைப் பாத்துக்கலாம்ல" என்றார். என் மகப்பேறு விடுப்பும், அதோடு ஒட்டவைத்த சம்பளமில்லா விடுப்பும் அடுத்த மாதம் முடிகின்றன. அதன்பின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை இருப்பேன். அடுத்த வருடம் என்ற ஒன்று எனக்கு இல்லை. குழந்தையை நான் பார்த்துக்கொள்ளும் விதம் பற்றி எழுத்தர் கவலைப்பட வேண்டாம். அதற்கு என் வீட்டிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள், நான் உட்பட.

11. இனி முக்கியமான செய்தி. இடம் பெற்ற மூன்றாமவர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைவிட நாற்பத்தொரு நிமிடம் பின்னால் வந்தவர். ஏழு ஆண்டுகளாக முயல்கிறவர். அவர்மேல் எனக்குத் துளி வருத்தமில்லை. போன ஞாயிறு அவரே கூப்பிட்டார். "மேடையில நிக்கறப்பவே கதவுகிட்ட உங்களைப் பாத்துட்டேங்க, தோள்ல குழந்தையோட. சான்றிதழை வாங்கின கை கூசிப்போச்சு. நான் எழுதிக் குடுத்துடறேன், நீங்க போங்க" என்றார். எழுதியும் கொடுத்தார். அதற்குத் தங்கள் அலுவலகம் சொன்னது: இடம் கீழேதான் இறங்கும், மேலே ஏறாது. டீச்சர் வேண்டாம் என்றால் அது நான்காமவருக்குப் போகும். நான்காமவர் உலகப் போட்டி நடக்கும் மாதம் தேர்வு எழுதுகிறார். ஐந்தாமவரிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறகு இடம் உலக அமைப்பிடம் திரும்பிப் போய், வேறேதோ நாட்டில் வேறேதோ ஒருவருக்குச் சேரும். தண்ணீரைப் போலக் கீழ்நோக்கி மட்டும் ஓடுவது தங்கள் விதிக்கு இயற்கையாக இருக்கலாம். ஆனால் தண்ணீரை மேலே ஏற்றுவதற்குத்தான் நான் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று மோட்டார்கள் வைத்திருக்கிறோம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

12. ஆகவே தங்களிடம் கேட்பது சலுகை அல்ல. நிரலை மாற்றியது சங்கம். குழந்தைக்குத் தடை போட்டது சங்கம். என்னைக் கிடங்கில் உட்காரவைத்தது சங்கம். கூப்பிட வேண்டியவர் கையில் தட்டைக் கொடுத்ததும் சங்கம். அந்த இருபத்தாறு வினாடியைச் செல்லாததாக அறிவித்து, டீச்சர் எழுதிக்கொடுத்த கடிதத்தின் அடிப்படையில் இடத்தை எனக்கே வழங்க வேண்டும். அந்த மேசைப் பெண்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. தட்டை ஏந்தச் சொன்னால் அவர் என்ன செய்வார். எனக்கு இல்லையென்றே முடிவானாலும், இனி வரும் பந்தயங்களிலாவது குழந்தையோடு இருப்பவரை அரங்கில் அனுமதியுங்கள்.

13. இடத்தை உறுதிசெய்யக் கடைசி நேரம் நாளை மறுநாள், வெள்ளி மாலை ஐந்து மணி. என் பொருட்டு டீச்சர் இன்னும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். தாமதமானால் எனக்குக் கிடைக்காதது மட்டுமல்ல, அவருடைய ஏழு ஆண்டும் சேர்ந்து போய்விடும். அதை என்னால் தாங்க முடியாது. எனவே நான்கு மணி வரை பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அழுதுடாதீங்க" என்றார். அழமாட்டேன் என்று சொன்னேன். நாங்கள் இருவரும் போக முடியாது. இருவரும் போகாமலிருப்பது மட்டும் நடக்கக் கூடாது.

வெள்ளி நான்கு மணி வரை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அதற்குள் தயவுசெய்து பதில் தாருங்கள்.

இடம்: வீடு
நாள்: புதன்கிழமை, பந்தயம் முடிந்த பதினொன்றாம் நாள்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பந்தய எண் 1147

இணைப்பு: டீச்சரின் கடித நகல், நிகழ்ச்சி நிரல், அனுமதிச் சீட்டின் இரு பக்கங்கள், கிடங்கு அறைக் கதவின் படம்.