முப்பத்தைந்தில் ஒரு பங்கு மண்

2024 ஜூன் 9, ஞாயிறு

இன்று குழிக்கு ஆழம் வந்தது. தெர்மாகோலைச் சூடான கத்தியால் அறுத்தெடுத்து, மேலே வெள்ளை சிமெண்டையும் எம்-சாண்டையும் குழைத்துப் பூசினேன். பாறைகளுக்கு ஜல்லிச் சிதறல். ஒரகடம் ரோட்டில் லாரிகள் சிந்திக்கொண்டு போவதைத்தான் பொறுக்கி வந்தேன். கார்கில் மலைக்கு இது போதுமா? ஐந்து சென்டிமீட்டர் மனிதர்கள் நிற்பதற்குப் போதும்.

எட்டு மாதமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பலகைமேல்தான் போகின்றன. எல்லாம் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. செம்புக் கம்பியில் எம்-சீல் வைத்து நானே உருட்டிய ஆட்கள். 1999, சண்டை ஓய்ந்த ஒரு சரிவு. செத்துப்போன எதிரிச் சிப்பாய்களை அவர்கள் நாடு தன் ஆட்கள் என்று ஏற்கவில்லை. நம் ராணுவமே புதைக்கிறது. உடல்கள்மேல் அவர்களுடைய பச்சைக் கொடி. நம் ராணுவத்து மௌலவி ஒருவர் கையேந்தி நிற்கிறார். பழைய வார இதழ் ஒன்றில் இப்படி ஒரு புகைப்படம் பார்த்தேன். அது நடந்தபோது எனக்கு ஒரு வயது. நான் படித்த போர்ப் புத்தகங்களில் எல்லாம் துப்பாக்கி பிடித்த கைகள். அந்தப் படத்தில் அதே கைகள் மண்வெட்டி பிடித்திருந்தன. அதை என்னால் மறக்க முடியவில்லை.

துணி மடித்து எடுத்து வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "தலைய தெக்கால வெச்சிகிறியா. கரெக்ட்டுதான்" என்றாள். என் அம்மா அம்சவல்லி வாயிலிருந்து பாராட்டு வருவதே அபூர்வம். சந்தோஷப்பட்டு, அரை நிமிடத்தில் தப்பு தெரிந்தது. தெற்கே தலை வைப்பது நம் வழக்கம். முஸ்லிம்களுக்கு வடக்கே தலை, மேற்கே முகம். மௌலவி மேற்கு பார்த்து நிற்கிறார் என்றால் தலைகள் அவருக்கு வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும். எதிரியைக்கூட எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்காரனாக்கிப் படுக்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

மூன்று பேரையும் பெயர்த்துத் திருப்பி வைத்தாயிற்று. ஒரு பூட்ஸ் உடைந்தது.

ஜூன் 16, ஞாயிறு

மாடி அறையில் குடியிருக்கும் அருள்பாண்டி மோட்டார் போடச் சொல்ல வந்தவன், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டான். எனக்கு எரிச்சல். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு கதவுதான்.

அவன் சங்கரன்கோவில் பக்கம். நான் வேலை பார்க்கும் வண்டிப் பாகங்கள் பிளான்ட்டிலேயே பெயிண்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட். இரண்டு தடவை ராணுவத் தேர்வுக்கு ஓடி, இரண்டு தடவையும் மூச்சு போதாமல் திரும்பி வந்தவன். இப்போது வயதும் தாண்டிவிட்டது. பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"குழிக்குள்ள இருக்கது நம்மாளாக்கா?"

"இல்ல. அவங்க ஆளு."

இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தான். "உடுப்பு பளபளங்குல்லா, மேட் கோட் அடிச்சா அடங்கிரும்" என்றான்.

ஜூன் 23, ஞாயிறு

சொன்னபடி வந்து உட்கார்ந்து அடித்தான். பொறுமையான கை. மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தான்களுக்கெல்லாம் தனித்தனியாக வைத்தான். கொடி வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டான்.

"பச்சைய நீங்களே அடிச்சிக்கிடுங்க."

நானே அடித்தேன்.

ஜூன் 27, வியாழன்

எவன் கேட்டான் இவனை?

ஹெச்.ஆர். ராஜசேகர் சார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் போனில் என் பலகை. என் அறை. ஓரத்தில் என் துப்பட்டா தொங்குகிறது. "அருள்பாண்டி காட்டனான்மா. இப்டி ஒரு டேலன்ட்ட வெச்சிகினு க்வாலிட்டில உக்காந்து பம்பரைத் தடவிட்டிருக்கியே" என்கிறார். ஜூலை 26, கார்கில் வெற்றிக்கு இருபத்தைந்து வருடம். அன்றைக்கு ராணுவ வண்டிப் பாகங்களுக்கான ஆர்டர் விஷயமாக அதிகாரிகள் பிளான்ட்டைப் பார்க்க வருகிறார்களாம். ரிசப்ஷனில் வைக்க வேண்டுமாம்.

"இது புதைக்கிற காட்சி சார்."

"கார்கில்தானம்மா? போதும்."

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஏன்? ரிசப்ஷனைத் தாண்டுகிறவர்கள் ஒரு நிமிடமாவது அந்தக் குழியைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. ஒன்றே ஒன்று கேட்டேன்: எதையும் மாற்றக்கூடாது. "சேச்சே, நான் ஏம்மா கை வெக்கப்போறேன்" என்றார்.

ஜூலை 10, புதன்

பலகை கம்பெனி வேனில் போனது. மடியில் வைத்துக்கொண்டு போனேன். வல்லக்கோட்டைத் திருப்பத்தில் டிரைவர் வளைத்த வளைப்பில் கத்திவிட்டேன். கேட்டில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, "கோயில் மாடலாம்மா?" என்றார்.

ஜூலை 18, வியாழன்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எட்டு நாளாகிறது. ராஜசேகர் இன்றுதான் குனிந்து பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா இது, பாகிஸ்தான் கொடி?"

"அவங்க உடம்பு மேல அவங்க கொடி சார். அப்படித்தான் நடந்துச்சு."

"நடந்துச்சு, யாரு இல்லன்னா? நடந்ததெல்லாம் ரிசப்ஷன்ல வெப்பாங்களா?"

மேலே ஒரு மூவர்ணக் கொடி, கீழே ஜவான்கள் சந்தோஷமாக. அதுதான் வேண்டுமாம். "குழிய மட்டும் அட்ஜஸ்ட் பண்ணேன்." அட்ஜஸ்ட். குழியை எப்படி அட்ஜஸ்ட் செய்வது? நம் ராணுவம் செய்த மரியாதையான காரியம் சார் இது, வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது என்றேன். ராணுவத்தைப் பற்றி எனக்கே பாடமா என்று ஒரு பார்வை. "சரி, யோசிச்சி சொல்றேன்."

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எப்போதும் பஸ்ஸில்தான் வருகிறது.

ஜூலை 22, திங்கள்

குழி இல்லை.

குழி இருந்த இடத்தில் ஒரு மேடு. மேட்டின்மேல் பல்குத்தும் குச்சியில் மூவர்ணக் கொடி. குச்சியின் நுனியைக்கூட வெட்டவில்லை. மௌலவியின் தொப்பிமேல் எம்-சீலில் ஹெல்மெட். துஆப் பிரார்த்தனைக்கு ஏந்திய கைகள் இப்போது ஜெயித்த குஷியில் தூக்கிய கைகள். மண்வெட்டிக்காரர்கள் இரண்டு பேரும் கொடி நட்டவர்கள் ஆகிவிட்டார்கள். யாரையும் நகர்த்தவே இல்லை. அப்படியே நிற்கிறார்கள். நிற்பதன் அர்த்தம் மட்டும் மாறிவிட்டது.

ராஜசேகருக்குப் போன் செய்தேன். "அந்த மூணு பொம்ம வேணாம்னேன். எடுத்தாச்சி. இப்ப எவ்ளோ நல்லாகீது பாரு" என்கிறார்.

ஹெல்மெட்டின் விளிம்பில் மேட் கோட். எந்தக் கை என்று எனக்குத் தெரியாதா? இன்னா மாதிரி ஆளுடா நீ. என் வீட்டு மாடியில இருந்துகினு, என் பக்கத்துல உக்காந்து பொத்தான் பொத்தானா வெச்சிட்டு –

எழுத வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

கேட்டுக்கு எதிரில் டீக்கடை. ஷிஃப்ட் விட்ட கூட்டம். அருள்பாண்டி கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான்.

"நம்பித்தான உள்ள விட்டேன். இன்னா பண்ணி வெச்சிகிற அதுல?"

"சார் சொன்னாவ. இல்லன்னா வேற ஆள வச்சி செய்வேன்னாவ."

"அவரு சொன்னா? உனக்குன்னு ஒண்ணும் இல்லியா?"

கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு பேசினான். அவனுடைய பெரியப்பா மகன் சுடலைக்கண்ணு, ராணுவத்தில் இருந்தவர், காஷ்மீரிலிருந்து பெட்டியில் வந்தாராம். பெட்டியைத் திறக்க விடவில்லையாம். "எங்க பெரியம்மை மூஞ்சியப் பாக்காமலே மண்ணு போட்டாக்கா. நீங்க அவனுவளுக்குக் கொடியெல்லாம் போத்தி வச்சிருக்கீய. எனக்கு எப்படி இருக்கும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அதற்காக? அதற்காக என் எட்டு மாதத்தை?

"அத எங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம பண்ணிட்டல்ல?"

"நானும் மண்ணுதாங்க்கா போட்டேன்."

"ஆமா, போட்ட. என் பொழப்புல நல்லாவே மண்ணள்ளிப் போட்ட."

பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஜூலை 24, புதன்

மாடியில் அவன் நடக்கும் சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

"பொம்மைக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு" என்கிறாள் அம்மா. சாப்பிடாமல் எழுந்தேன்.

ஜூலை 25, வியாழன்

என்னிடம் ஒரு அதிகாரம் இருப்பது பத்து மணிக்குத்தான் உறைத்தது.

எங்கள் பிளான்ட்டில் க்வாலிட்டி ஆள் ஒரு பொருளில் ரெட் டேக் கட்டிவிட்டால் அது அங்கே இருக்கக்கூடாது. ரிஜெக்ட் கூண்டுக்குப் போக வேண்டும். கட்டினவரோ அவருக்கு மேலே க்வாலிட்டியில் இருப்பவரோதான் அவிழ்க்கலாம். பிளான்ட் ஹெட்டே ஆனாலும் தொடக்கூடாது. ஆடிட்டர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று ஒவ்வொரு புதன்கிழமையும் மைக்கில் சொல்கிறவரே ராஜசேகர்தான்.

கண்ணாடிப் பெட்டியின் பிடியில் கட்டினேன். குறை: ஆட்கள் விடுபட்டுள்ளனர். எண்ணிக்கை: மூன்று. கையெழுத்து: சசிரேகா.

சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

ரிசப்ஷனில் பெட்டி இருந்த இடத்தில் பூச்சாடி. வந்தவர்கள் அங்கே நிற்கவே இல்லையாம், நேரே மாநாட்டு அறைக்குப் போய்விட்டார்களாம். இதற்குத்தான் இவ்வளவும்.

மாலை ராஜசேகர் அறையில் நின்றேன். "பொம்மைக்கு ரெட் டேக் போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா. உங்க க்வாலிட்டி மேனேஜரு சிரிக்கிறாரு, அவரு அவுக்கமாட்டாராம்." பிறகு குரல் மாறியது. திங்கள் முதல் எனக்கு மறைமலை நகர் குடோனில் வேலை. அட்டைப் பெட்டிகளில் ஈரம் பார்க்க வேண்டும். "தூக்கினு போ உன் பொம்மைய."

நீங்கள் கை வைக்கவில்லைதான் சார். வைத்தது வேறு கை. அதையும் பஸ்ஸில்தான் நினைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழியைத் திரும்பத் தோண்டி, மூன்று பேரைப் புதிதாக உருட்டுவது என்று முடிவு. கொடிக்குச்சியைப் பிடுங்கினேன். மேட்டின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் சுரண்டியதில் ஒரு பெரிய சில்லு பெயர்ந்தது.

உள்ளே காகிதம். பெயிண்ட் ஷாப்பில், பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடி ஒட்டுவார்களே, அந்த மாஸ்கிங் பேப்பர். அதன் விளிம்பைக் கத்தி நுனியால் தூக்கினேன்.

பச்சை தெரிந்தது.

கொடி. கொடிக்குக் கீழே பூட்ஸ். நான் உடைத்து ஒட்டிய பூட்ஸ். மூன்று பேரும் இருந்தார்கள். வைத்தது வைத்தபடி, தலை வடக்கே. சிமெண்ட் அவர்கள்மேல் ஒட்டாதபடி காகிதத்தைச் சுற்றிலும் செருகி, அதற்குமேல்தான் பூசியிருக்கிறான்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

மாடிக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறுகிப்போனான்.

"எடுக்கச் சொன்னாரே. ஏன் எடுக்கல?"

"ஸ்கிராப் பின்ல போடுன்னாவ." சட்டையை உதறினான். "ஆளையாக்கா ஸ்கிராப்ல போட?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேம்லா. டீக்கடைல வச்சி. மண்ணு போட்டேன்னு சொன்னேம்லா. நீங்கதான் கேக்கல."

ஆமாம். சொன்னான். நான் கேட்டது வேறு மண்.

"இப்பவும் அந்தப் பச்சை எனக்குப் புடிக்கலக்கா. அது வேற" என்றான்.

"கேட்டுட்டு செஞ்சிருக்கணும். அதுக்கு இப்பவும் எனக்குக் கோவந்தான்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குடோனில் ஈரம் பார்க்கிறேன். எல்லாப் பெட்டியும் ஈரமாகத்தான் இருக்கிறது. ராஜசேகரை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். அது குறையும் என்று தோன்றவில்லை, குறையவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஹெல்மெட்டை எடுத்துவிட்டேன். தொப்பி கீறலில்லாமல் இருந்தது. மௌலவி மறுபடி மௌலவியானார். கையேந்தி நிற்கிறார், எதிரே மூடிய மேடு. நான் பார்த்த புகைப்படத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து இப்படித்தான் இருந்திருக்கும். குழியைத் திறக்கவில்லை.

நான் சுரண்டிய இடம் மட்டும் மூன்று விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அருள்பாண்டி வந்தான். கேட்காமலே கிண்ணத்தில் சிமெண்டும் எம்-சாண்டும் குழைத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசப் போகிறான் என்று நினைத்தேன். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீங்க இன்னும் மண்ணு போடலல்லா."

விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தேன். போட்டேன்.