கோயில் மேட்டு டீசல் லோரி

பெஸ்தாரி ஜெயா,
மாரியம்மன் கோயில் லயம்.

ஜொகூரில் கண்டெய்னர் லோரி ஓட்டும் என் பேரன் குகனுக்கு, உன் பாட்டி அன்னம்மா எழுதுவது. மாரியாத்தா உன் வண்டிக்கு முன்னால் நடந்து வழிகாட்டட்டும்.

வெள்ளம் வந்த அன்று கோயில் மேட்டில் இருந்தவர்கள்: நான், உன் அண்ணன் தனபாலன், நிறைமாதத்தில் இருந்த உன் அண்ணி நித்தியா, பக்கத்து வீட்டுப் புஷ்பா, சாப்பாட்டுக் கடை நாகூர் மீரான் பாய், அவர் மகள் சுமையா. வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு யாராவது வந்து நானும் லோரியைத் தள்ளினேன் என்று சொன்னால் நம்பாதே.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நீ சித்தப்பா ஆகிவிட்டாய். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அதற்கு நான் கும்பிட வேண்டியது ஆத்தாவை, அடுத்தது உன் டீசல் லோரியை.

டீசல் விலை ஏறியபோது உன் அண்ணன் அந்தப் பெட்ரோல் லோரியை வாங்கி வந்தானே, அது மோசமான வண்டி என்று நான் சொல்லமாட்டேன். சத்தமில்லாமல் கார் மாதிரி ஓடும். உன்னுடையது காலையில் கிழவன் போல் இருமி, நான் காயப்போட்ட துணியையெல்லாம் கருப்பாக்கும். அண்ணன் கூட்டி வந்த தரகன் திருச்செல்வம் அதைப் பழைய இரும்புக்கு விலை பேசிய அன்று நீ சாவியைப் பிடுங்கி என் முந்தானையில் முடிந்தாய். நான் திரும்பி வரும்போது இது இங்கேயே நிக்கணும் பாட்டி என்றாய். போடா, உன் சனியனைக் கட்டிக்கிட்டு நீயே அழு என்றான் அண்ணன். இரண்டு பேர் பேச்சும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளத்தன்று மத்தியானம் நித்தியாவுக்கு வலி கண்டது. அண்ணன் அவளைப் பெட்ரோல் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். பாலத்துக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியதும் விக்கியது, நின்றுவிட்டது. வயரெல்லாம் நனைஞ்சிடுச்சு, பிளக்குக்கு நெருப்பு வரலை என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கித் திரும்பி வந்தான். அப்போதுதான் பாய், டீசலுக்கு ஏதுப்பா பிளக்கு, அது உசரமாவும் இருக்கு, அதை எடு லா என்றார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. நித்தியாவையும் என்னையும் முன்னால் ஏற்றிவிட்டு மேட்டிலிருந்து தள்ளினார்கள். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போன அந்தப் புஷ்பா, இந்த வயதில் சேற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். பாதிச் சரிவில் உன் அண்ணன் கியரைப் போட்டான். ஒரு தும்மல், ஒரு மேகம் புகை, பிடித்துக்கொண்டது.

பாலத்தருகே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்கியவன், பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. பேட்டரி இல்லை, அங்கே தள்ளுவதற்கு மேடும் இல்லை. ஆனால் உன் லோரி நிற்கவில்லை! கம்பியை இழுத்தால்தான் அது நிற்கும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். நான் மறக்கவில்லை. அந்தக் கம்பியின் குமிழை என் கைக்குள் மூடிக்கொண்டேன். அப்படியே தண்ணீரைக் கடந்து போய்ச் சேர்ந்தோம். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா வந்து, பாட்டி, எஞ்சினை அணைங்க, புகை உள்ளே போகுது என்றார். முதலில் பிள்ளை பிறக்கட்டும், பிறகு அணைக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை வாசலை விட்டு விலக்கி மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். நல்ல மனுஷன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. இத்தனை நாள் ஓடாமல் நின்ற வண்டிக்குச் சக்கரத்தில் எப்படிக் காற்று இருந்தது? அண்ணனைக் கேட்டேன். துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். புஷ்பாதான் சொன்னாள்: நீங்க பசாருக்குப் போறப்பல்லாம் காத்தடிப்பான்க்கா, டீசலும் ஊத்தி வைப்பான், உங்ககிட்ட சொன்னா தொலைச்சிடுவேன்னான் லா. ஆயுத பூஜைக்கு உன் லோரிக்குச் சந்தனம் வைத்ததும் அவன்தானாம். நான் ஐயர் என்று நினைத்திருந்தேன்.

அவன் உன்னைக் கூப்பிடமாட்டான். போனை எடுக்கிறான், உன் பெயரைப் பார்க்கிறான், வைத்துவிடுகிறான். தை முதல் ஞாயிறு தொட்டில் போடுகிறோம். லோரி மறுபடி மேட்டில்தான் நிற்கிறது, சாவி மறுபடி என் முந்தானையில்.

வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக அமையட்டும்.

உன் பாட்டி,
அன்னம்மா.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, இதைக் கடைசியில் எழுதத்தான் வைத்திருந்தேன். அப்பளத்துக்காகப் புஷ்பாவை மன்னித்துவிட்டேன். உன் அண்ணனை மன்னித்துவிட்டேன். அந்தத் தரகன் திருச்செல்வத்தைக்கூட விட்டுவிட்டேன். தொட்டில் போடும் அன்று வாசலில் ஒருவனுடைய செருப்பு மட்டும் இல்லாமல் போனால், அவனை என் கட்டை வேகும்வரை மன்னிக்கமாட்டேன். அவன் பெயர் குகன்.