வீடெல்லாம் தாளிப்பு வாசம்

ஜூன் 4

காது பரிசோதிக்கிற அறை ஒரு பெரிய அலமாரி மாதிரி. சுவர் முழுக்கப் பஞ்சு, தடித்த கதவு, ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்று கட்டியது. உள்ளே இருப்பதும் வெளியே போகாது என்பதை இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

இன்று வயதான ஓர் அம்மாவுக்கு ஹெட்போன் மாட்டிவிடக் குனிந்தேன். அவர் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வீட்டுல கருவாடா கண்ணு?" என்றார். கோபமில்லை, கேலியும் இல்லை. விசாரித்தார், அவ்வளவுதான். ஆனால் காது கேட்காதவர்கள் விசாரித்தால் தெருவுக்கே கேட்கும். கதவு வேறு திறந்திருந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மத்தியானம் முந்தானையை மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பழகிவிட்டதா?

ஜூன் 5

மாமாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. எந்த மருமகளுக்கு இந்தக் கொடுப்பினை? வேலை முடிந்து வந்தால் சூடாகச் சாப்பாடு. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவர் சாப்பிடுவது நாங்கள் முடித்த பிறகுதான். என் வீட்டுக்காரர் நெடுந்தூர பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் ஏதோ ஒரு ஊரில் தூங்குகிறார். மாமா மட்டும் இல்லையென்றால் என் பெண் குருவி பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் அத்தைக்கும் மாமாவுக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. ஒரே ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்த வேகத்திலேயே சமையலறைக்குள் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்த மனுஷர். அத்தை இருந்தவரை தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்ததில்லையாம். இப்போது அத்தை வைத்ததையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து வைத்துப் பார்க்கிறார். ருசி மோசமில்லை. ஆனால் பூண்டு, பெருங்காயம், கருகின மிளகாய் — ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏறிக்கொண்டே போகிறது. தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீடு எது என்று மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 9

செய்து பார்த்தவை: ஜன்னலைத் திறந்து வைத்தேன், புறாதான் வந்தது. எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்தேன், எலுமிச்சை போட்ட கருவாடு வாசம் வந்தது. கிண்ணத்தில் வினிகர் வைத்தேன், குருவி தண்ணீர் என்று நினைத்துக் குடிக்கப் போனாள்.

ஓரளவு பலித்தது இரண்டுதான். புகைபோக்கி விசிறியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியது ஒன்று. வேலைக்கு உடுத்துகிற புடவைகளை அலமாரிக்குள் வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைத்தது இன்னொன்று. விசிறியைக் கழற்றிக் கொடுத்தது மாமாதான். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 13

மாடி பாட்டு டீச்சர் படியில் வழிமறித்தார். பிள்ளைகள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் தும்முகிறார்களாம். "உங்க மாமனார்கிட்ட கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. மிளகாயை வறுக்கறாரா, எரிக்கறாரா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது.

ஜூன் 17

சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாத விதத்தில் சொல்லிவிட்டேன்.

குருவி அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் அவள் பையைப் பக்கத்துப் பெண் காலால் தள்ளிவிட்டாளாம். "மீன்கூடை" என்று பேர் வைத்திருக்கிறார்கள். நேரே சமையலறைக்குப் போனேன். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வதக்கிக்கொண்டிருந்தார். கண் எரிந்தது. "இது வீடா ஹோட்டலா மாமா? என் பொண்ணு பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கறாங்க. இப்படிச் சமைக்கிறதுக்குச் சமைக்காமலே இருக்கலாம்."

அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவினார். மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

எனக்கு ஏன் அப்படி வாய் நீண்டது? மெதுவா சொல்லியிருக்கக் கூடாதா? ஆனா மெதுவா சொல்ல எத்தனை நாள் காத்திருந்தேன், அவர் கேக்கவே இல்லையே. ஒரு தடவையாவது "வாசனை தூக்கலா இருக்காம்மா"ன்னு கேட்டிருக்கலாமே.

ஜூன் 18

வீட்டில் ஒரு வாசனையும் இல்லை.

ஜூன் 22

காலையில் நான் சமைத்து வைத்துவிட்டுப் போகிறேன். மாமா குருவிக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பதோடு சரி. மற்ற நேரம் கூடத்தில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இன்னொருவர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். செய்தித்தாளின் ஒரே பக்கம்.

போனில் இவரிடம் சொன்னேன். அப்பாவை அக்கா வீட்டில் கொஞ்ச நாள் விடலாமா என்றார். நாத்தனார் வீடு பெரியது, ஆள்கள் எப்போதும் இருப்பார்கள். நான் "உங்க இஷ்டம்" என்றேன். உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். அதைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஜூன் 25

நேற்று வைத்த குழம்பை எடுத்து வைக்க மறந்துபோனேன். சாயங்காலம் வந்தால் நுரைத்து, கிட்டே போக முடியாத நாற்றம். மாமா அதைத்தான் மத்தியானம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலத்திலிருந்தே அவருக்கு வயிறு சரியில்லை. "கெட்டுப்போனது தெரியலையா மாமா?" என்றதற்கு, "பரவால்லம்மா, ஒண்ணும் தெரியல" என்றார்.

வீம்பு. என்னைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார். வேறென்ன?

ஜூன் 28

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் இல்லையென்று டாக்டரம்மா சீக்கிரம் அனுப்பிவிட்டார். படி ஏறும்போதே கேஸ் வாசனை. எங்கள் வீடாக இருக்காது என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்தது. சமையலறையில் மாமா நிற்கிறார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது, குமிழ் திறந்தபடியே இருக்கிறது. குருவி வருகிற நேரம் என்று பால் வைத்துவிட்டு, மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து, தீ இல்லையென்று பார்த்து, மறுபடி பற்ற வைக்க லைட்டரைக் கையில் எடுத்திருக்கிறார்.

"தொடாதீங்க மாமா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நாற்றத்துக்கு நடுவே நின்றுகொண்டு, "வாம்மா, இன்னிக்குச் சீக்கிரமாவே வந்துட்டியா?" என்றார்.

லைட்டரைப் பிடுங்கினேன். குமிழை மூடி, சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து, அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தேன். ஒரு சுவிட்சையும் தொடவில்லை, அந்த அறிவு எப்படி வந்ததோ. படியில் உட்கார்ந்தோம். கீழே குருவி பையோடு வந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்...

"கேஸ் வாசனை உங்களுக்கு வரலையா மாமா?"

கீழே வருகிற குருவியைப் பார்த்தார்.

"வரலம்மா."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிலேர்ந்தே."

ஜூன் 29

இன்று எல்லாவற்றையும் சொன்னார். குருவி தூங்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. அத்தை போன துக்கத்தில் முதலில் அது தெரியவே இல்லையாம். வீட்டைக் காலி செய்யும்போது அத்தையின் புடவை ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெறும் துணி. அப்போதுதான் தெரிந்ததாம். அதற்கப்புறம்தான் இந்தச் சமையல் எல்லாம். அத்தை கை வாசம் ஒரு தடவையாவது எட்டாதா என்று பூண்டைக் கூட்டினார், எட்டவில்லை. பெருங்காயத்தைக் கூட்டினார். கடைசியாகக் கருவாடு.

"கருவாட்டைச் சுட்டா தெருக்கோடில இருக்கறவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியலம்மா" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அடுப்புகிட்ட விடுவீங்களா? அதுவும் இல்லன்னா இந்த வீட்ல நான் யாரு?"

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

ஜூன் 30

தினமும் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் யார்? காது கேட்காததை வருஷக்கணக்காக மறைத்தவர்கள்தானே. எல்லாரும் சிரித்தால் தானும் சிரித்து, தலையாட்டி, மகனோ மகளோ இழுத்து வரும்வரை ஒப்புக்கொள்ளாதவர்கள். கதவைத் தாண்டி வருகிற நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டில் ஒருத்தர் ஆறு மாதமாகத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஜூலை 3

மூக்கு டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். தினமும் எலுமிச்சை, கிராம்பு என்று நாலைந்து பொருளை மோந்து பழக வேண்டுமாம். மாமா தலையாட்டினார். வெளியே வந்ததும், "இதைச் சொல்ல இவ்வளவு நேரம் உட்கார வச்சாரா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாயிற்று, நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து.

ஜூலை 5

இவர் வந்திருந்தார். கேஸ் விஷயம் கேட்டு முகம் வெளுத்துப்போனது. அக்காவிடம் பேசிவிட்டாராம், நாளைக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மகனாக யோசித்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது.

"அங்க அவர அடுப்புகிட்ட விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்கு அவர் சமைக்கணும்? ராஜா மாதிரி உட்கார வச்சுப் பாத்துப்பாங்க."

"இங்கயும்தான் உட்கார வச்சேன். பத்து நாளா உட்கார்ந்திருந்தாரே, பாத்தீங்களா?"

இவர் பார்க்கவில்லை, ஊரில் இல்லை. நான் பார்த்தேன்.

கூடத்துக்கு வந்தால் மாமா பெட்டியை எடுத்து வைத்து, சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. "பெட்டிய தூக்கிட்டு எங்க கிளம்பறீங்க? நாளைக்கு குருவிக்கு டிபன் கட்டறது யாரு?" என்று கேட்டுவிட்டேன். அவர் மகனைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் பெட்டியை இவரே எடுத்து அலமாரி மேல் வைத்தார்.

ஜூலை 8

கேஸ் கசிந்தால் அலறுகிற கருவியை இவர் வாங்கி வந்து மாட்டினார். மாமா ஏணியில் ஏறி, திருகாணி சரியில்லை என்று கழற்றி மறுபடி மாட்டினார். லிப்ட்காரர் புத்தி. பூண்டு இத்தனை பல், பெருங்காயம் இத்தனை சிட்டிகை என்று என்னிடம் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். அடுப்பில் ஏதாவது இருந்தால் அதை விட்டு நகரக் கூடாது. கருவாடு மொட்டைமாடியில் மட்டும். அதுவும் டீச்சருக்கு வகுப்பு இல்லாத நாளில்.

ஜூலை 11

டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம ஏதேதோ சொல்லிட்டேனே" என்றார். உங்களுக்கு மூக்கு நல்லா இருக்கு, பகலில் வீட்டிலும் இருக்கிறீர்கள், ஏதாவது கருகினால் ஒரு குரல் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கேட்டது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுவிட்டார். "ஐயா, வெங்காயம் சிவந்தாச்சு, இறக்கிடுங்க" என்று ஜன்னல் வழியாக மேலிருந்து இறங்குகிறது குரல். சுருதி பிசகாமல். மாமா, "இறக்கியாச்சு டீச்சர்" என்கிறார். குருவி இதை அப்படியே நடித்துக் காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 20

கிளினிக்கில் இப்போது யாரும் வாசனை பற்றி ஒன்றும் சொல்வதில்லை. புடவைகளை இன்னும் அலமாரியில்தான் வைக்கிறேன்.

அக்டோபர் 12

மூக்கு டாக்டரிடம் மறுபடி போனோம். முன்னேற்றம் இல்லை. இனி வந்தால் ஆச்சரியம்தான் என்கிற மாதிரி பேசினார். வருகிற வழியில் மாமா எலுமிச்சை மட்டும் வாங்கினார். மோந்து பழக வைத்திருந்தது தீர்ந்துபோய்விட்டதாம்.

அக்டோபர் 19

இன்று எனக்கு லீவு. மாமா குழம்பு வைத்தார். நான் பக்கத்தில் நின்று காய் நறுக்கினேன். இப்போதெல்லாம், "என்ன வருது?" என்று கேட்கிறார். வருவதைச் சொல்கிறேன். கடுகு அடங்கிவிட்டது, வெங்காயத்தில் இனிப்பு ஏறுகிறது, பூண்டின் காரம் போய் மணம் வந்துவிட்டது என்று. தலையாட்டிக்கொண்டே கிளறுகிறார்.

இன்று கொதி வந்த பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "உங்க அத்தை வைக்கிற மாதிரி வருதா?"

இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

"இல்ல மாமா. அத்தை வைக்கிறது வேற மாதிரி இருக்கும். இது நீங்க வைக்கிற மாதிரி வருது."

கரண்டியால் இன்னொரு சுற்று கிளறினார். அடுப்பை அணைத்து, குமிழைத் தொட்டுப் பார்த்து, "சரி, தட்டை எடு. சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடலாம்" என்றார். எப்போதும் நாங்கள் எல்லாரும் முடித்த பிறகு தனியாகப் போட்டுக்கொள்கிறவர், இன்று தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.