காட்டுப்பேயின் காலடி

சாந்தன்பாறை
14-7-1955

அன்புள்ள வேலுத்தாய்க்கு,

மாமாவுக்கும் அத்தைக்கும் என் கும்பிடு. நான் சுகம். மாமாவின் இருமல் தேவலையா? என் நெற்றியில் சின்னக் காயம், ஆறி வருகிறது. வேறு யாராவது சொல்லி நீ பயப்படுவதற்குள் நானே எழுதுகிறேன்.

நம்மூரில் பேய்க்குக் காலே கிடையாது என்பார்கள். இங்கே காட்டுப்பேய்க்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்குமாம். திங்கட்கிழமை காலை ஏலக்காட்டுச் சேற்றில் அப்படியொரு தடம் கிடந்தது. ஆட்கள் அரிவாளும் கல்லுமாகத் தேடிப் போனார்கள். பிறவியிலேயே பாதம் திருகிய நம் ராக்கு ஈரத்தில் நடந்தால் விழுகிற தடம் அதுதான். பின்னாலேயே ஓடினேன்.

பாறையிடுக்கில் ஒரு பெண்பிள்ளை, பதினைந்து வயதிருக்கும், திருகிய பாதங்களை மடக்கி ஒடுங்கிக் கிடந்தாள். சுற்றி நின்றார்கள்.

"மனுசின்னா வாயத் தொறந்து பேசுவால்ல?" என்றார் கங்காணி.

நான் குறுக்கே போனேன். ஒரு கல் வந்து என் நெற்றியில் பட்டது.

"எம் மகளுக்கும் இதே காலுதான். அவளையும் அடிப்பீகளா?" என்றேன்.

மூன்று வருசமாக இங்கே யாரிடமும் நான் சொல்லாதது. அப்போதுதான் அந்தப் பிள்ளை மெதுவாக, "பசிக்குது" என்றாள். கங்காணி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார்.

இப்போது அவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில், என்னோடு வேலை செய்கிற சாந்தம்மாள் வீட்டில் இருக்கிறாள்.

இங்கே மழை விடவில்லை. பழைய கம்பளி இருந்தால் கொடுத்துவிடு. நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம். ராக்குவை எழுதச் சொல்லி ஒரு வரி வாங்கி அனுப்பு. இனிமேல் கோயிலுக்குப் போகையில் அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடாதே. நானும்தான் மூடியிருக்கிறேன்.

போடிக்குப் போகிற லாரி கிளம்புகிறது, இதை அதில் கொடுத்துவிடுகிறேன்.

பெரியமுத்து