பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள என் கணவருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் வாண்டும் நலம். உங்கள் முதுகுவலி தீர தினமும் வேண்டிக்கொள்கிறேன். அனுப்பிய பணம் வந்தது. வாடகை கொடுத்தாயிற்று. மீதியில் சமாளித்துவிடுவேன்.

தெருக்கோடிக் கூடத்தில் வாரம் ஒருநாள் பெற்றோருக்கு மன அழுத்தம் குறைக்கும் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம் என்று வீடு வீடாக விசாரிக்க வரும் குடும்பநல அலுவலகத்து அக்காதான் கூப்பிட்டார். அவருக்கும் வேலை கழுத்தை நெரிக்கிறதாம், எங்களோடு தரையில் வட்டமாக உட்காருகிறார். மூச்சு விடுவதற்கும் ஒரு வகுப்பா, வீட்டில் விடுகிற பெருமூச்சு போதாதா என்று கிண்டலடித்துக்கொண்டேதான் போனேன். பிள்ளைகள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விளையாடுவார்கள்.

நேற்று எல்லாரும் கண்ணை மூடி, சத்தமில்லாமல் இருந்த நேரம். அந்தப் பக்கமிருந்து வாண்டின் குரல். பொம்மையை அதட்டுகிறாள். வாயை மூடு, கொன்னுடுவேன், உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம், உங்கப்பன் தலைமுழுகிட்டுப் போயிட்டான், நான் கிடந்து சாவுறேன் என்று. என் சொல், என் இழுப்பு. முடிவில் நான் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம்கூட.

உங்களைச் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காலையில் சாமி பேர் சொன்ன அதே வாய். ஒரு கரண்டி எண்ணெய் கூடினாலும் கண்டுபிடிக்கிறவள் நான், இதை எத்தனை நாளாகக் கொட்டினேன் என்று தெரியவில்லை.

செருப்பு மாட்டும்போது அக்கா பக்கத்தில் வந்தார். நான் பிள்ளையைத் திட்டுவதை மேலதிகாரிக்கு எழுதிவிடுவாரோ என்று வாண்டை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவரோ, என் பையன் வெறுங்கையைப் போன் மாதிரி காதுல வச்சுக்கிட்டு, என்னைப் போலவே, இருடா, அம்மா ஆபீஸ் விஷயம் பேசிட்டிருக்கேன்லன்னு சுவத்தை அதட்டுறான்மா, அடுத்த வாரமும் வா, நானும் வருவேன் என்றார்.

வீட்டுக்கு வந்து வாண்டிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். ஆனால் நான் கிட்டே போனதும் பொம்மையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். முதலில் அவளிடம் பேசிவிடுங்கள். அப்பா உன்னை விட்டுட்டுப் போகல, வந்துடுவேன் என்று சொல்லுங்கள். பக்கத்தில் நானும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா