மனையியல் அறைத் தூளிச் சேலை

அரிமளம்

அன்பு மகள் ஹரிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விடுகிறார். நீ இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே, இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை என் மகளே கேட்கவில்லை என்றால் எனக்குத்தான் வெட்கம்.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன், சிரிக்காதே. எங்கள் பள்ளியில் மனையியல் பிரிவை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. தையலும் சமையலும் கற்றுக்கொடுத்தாலாவது பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவார்கள் என்று அந்தக் காலத்தில் தொடங்கிய பிரிவு, இப்போது எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், அது நியாயம்தான். பிள்ளை வளர்ப்புப் பாடத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை உண்டு, நீகூடச் சின்னதில் தூக்கியிருக்கிறாய். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தூளியில் போடுவார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஒப்படைக்கும்போது "பாப்பா தூங்குது, பாத்துக்க" என்று சொல்ல வேண்டும், அவள் "பாத்துக்கிறேன்" என்ற பிறகுதான் இவள் நகரலாம். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அந்த வழக்கம். கடைசி நாள் பொம்மை என் கையில் இருந்தது, வாங்க ஆள் இல்லை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தூளிச் சேலை துவைத்துத் துவைத்துப் பூவாக இருந்ததால், பிள்ளைக்குப் பழந்துணி கேட்டாயே என்று உனக்கு அனுப்பிவைத்தேன்.

அதன் பிறகு, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் இன்னாசியம்மாள் வீடு தேடி வந்து, "டீச்சர், நீங்க சேலைய எடுத்துட்டுப் போனதுலேர்ந்து அந்த ரூமுக்குள்ள பிள்ளை தூங்கவே மாட்டேங்குது, சிணுங்கிக்கிட்டே கெடக்கு" என்றாள், ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைப் போல. பூனையாக இருக்கும் என்று அதட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போய் அறையைத் திறந்தேன். பீரோ பூட்டியபடியே இருந்தது. பொம்மை வெளியே, தூளிக் கொக்கிக்கு நேர் கீழே தரையில் கிடந்தது. தூக்கினேன், முதுகு சூடாக இருந்தது, தூங்கி எழுந்த பிள்ளைக்கு இருக்குமே, அந்தச் சூடு. மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை நீ போனில், "பார்சல் வந்துருச்சும்மா, அந்தச் சேலைய வயித்துல போட்டுக்கிட்டாத்தான் பிள்ளை உதைக்காமத் தூங்குது" என்று சிரித்தாய், நானும் சிரித்தேன். மறுநாள் இன்னாசியம்மாள், "இப்பச் சத்தமே இல்ல டீச்சர், எங்கிட்டோ போயிருச்சு" என்றாள். போய்ப் பார்த்தேன். பொம்மை வைத்த இடத்திலேயே இருக்கிறது, தொட்டால் சில்லென்று வெறும் ரப்பர்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, எனக்குத்தான் பயமாக இருக்கிறது. லீவு கிடைக்காது, வர முடியாது என்றேனே, அதை மறந்துவிடு, விசாவுக்குக் கொடுத்துவிட்டேன், பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். அதுவரை அந்தச் சேலையைக் கிழிக்காதே, எறியாதே. குளிக்கப் போகும்போது கண்ட இடத்தில் போடாமல் மாப்பிள்ளை கையில் கொடுத்து, பாப்பா தூங்குது, பாத்துக்குங்க என்று சொல், அவர் பதில் சொன்ன பிறகு நகரு.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாதே. பதில் வந்துவிடக் கூடாது.

உன் அம்மா,
ராஜலட்சுமி